விற்கச் சொல்லும் வாய்களுக்கு விடை

நம் பால்மரக் கம்பங்களில் ஒரு புது உபதேசம் கிளம்பியிருக்கிறது. "ஐயா, உமக்கு வயது எழுபதைத் தொட்டாயிற்று. மரமும் கிழம், மனிதரும் கிழம். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் சம்பளம் வாங்குகிறார்கள். இந்த நாலு ஏக்கரைக் கட்டிக்கொண்டு எதற்கு அழுகிறீர்? விலை வரும்போதே தள்ளிவிட்டு நிம்மதியாக உட்காரும்!" காப்பிக் கடையில் இதே பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தியில் இதே பேச்சு, துக்க வீட்டில்கூட, பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் இதே பேச்சு.

இந்த உபதேசத்தை ஓதுகிறவர் யார்? ஏக்கருக்கு இவ்வளவு என்று தரகு வாங்குகிறவர். பக்கத்து நிலத்தை மடக்கிச் செம்பனை போட்டவர். வீடமைப்புக்கு வளைத்துப் போட நிலம் தேடுகிறவர். இவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வியாபாரி வியாபாரம் பேசுகிறான். இந்தப் பேச்சைக் கேட்டு நம் பெரியவர்கள் தலையாட்டுகிறார்களே, அதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது. அவர்கள் தலையாட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு விடை சொல்லாமல் "விற்காதே, விற்காதே" என்று மேடையில் கத்துவதும் வீண்தான்.

இந்த நிலத்துண்டுகள் நம் கைக்கு எப்படி வந்தன? 1957-இல் இந்நாடு சுதந்திரம் பெற்றதற்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறின. வாங்கிய கூட்டு வியாபாரிகள் தோட்டத்தைத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. அப்பத்தைப் பங்கிடுவதுபோல் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். வேலை போயிற்று; லயம் போயிற்று; பிள்ளை படித்த தமிழ்ப் பள்ளியும் கும்பிட்ட கோவிலும் யாருடைய துண்டில் விழுந்தன என்று தேட வேண்டியதாயிற்று. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து, 1962-இல் அறிக்கையே வெளியிட்டார். அந்த அமளியிலும், சீட்டுப் பணத்தையும் தாலிக் கொடியையும் போட்டு மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் வாங்கியவர்கள் நம்மில் சிலர் உண்டு. கூலியாக நின்ற மண்ணில் உடைமையாளராக நின்றவர்கள் அவர்கள். அன்று அப்பா வாங்கினார். இன்று மகனுக்கே எழுபது. அந்தத் துண்டைத்தான் இப்பொழுது தள்ளிவிடச் சொல்கிறார்கள்.

இது நம் இனத்தாருடைய கவலை மட்டுமல்ல. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவரும், புதுக்கிராமத்துச் சீனக் கிழவரும் இதே வயதில், இதே மரத்தடியில்தான் நிற்கிறார்கள். இந்நாட்டின் ரப்பர் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. 1988-இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் எடுத்த நாடு, 2023-இல் ஏறக்குறைய 3.5 லட்சம் டன்தான் எடுத்தது. கையுறைத் தொழிற்சாலைகளுக்காக, இங்கே விளைவதைவிட அதிக ரப்பரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறோம். மரம் இருக்கிறது, சீவ ஆள் இல்லை. நிலம் இருக்கிறது, நட மனம் இல்லை. உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாடு என்ற பெருமையைப் பள்ளிப் பாடப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்!

நட ஏன் மனம் இல்லை? இதைச் சோம்பல் என்று சொல்லும் அதிகாரிகள் ஒரு நாளாவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? பால்மரம் நட்டால் ஐந்தாறு ஆண்டு ஒரு சொட்டுப் பால் இல்லை. பிறகு இருபத்தைந்து ஆண்டுபோலச் சீவலாம். எழுபது வயதுப் பெரியவர் இன்று பழைய மரத்தைத் தள்ளிவிட்டுக் கன்று நட்டால், முதல் மங்கில் பால் விழும்போது அவருக்கு எழுபத்தாறு. அதுவரை அடுப்பில் எதை வைப்பார்? மறுநடவு உதவித்தொகை கன்றுக்கும் உரத்துக்கும் ஆகும். ஆறு ஆண்டுச் சோற்றுக்கு ஆகுமா? ஆகவே அவர் நடமாட்டார். பட்டை தேய்ந்து முடிச்சு முடிச்சாகிப்போன மரத்திலேயே ஏணி வைத்துச் சீவுவார். முட்டி வலி வந்ததும் அதையும் விட்டுவிடுவார். லாலாங் ஏறும்; புதர் மண்டும்; அப்புறம் தரகர் வருவார். அந்தப் பெரியவர் புத்திக் குறைவால் இப்படிச் செய்யவில்லை. தனி மனிதராக நின்று பார்த்தால் அவர் கணக்கு சரியான கணக்கு. தனியாக நிற்பதுதான் கோளாறு.

ஒன்றாக நின்றால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த நிலக்காரர் இருபது பேர். ஆளுக்கு நாலு ஏக்கர். மொத்தம் 80 ஏக்கர். வேலிகளை மறந்துவிட்டு அதை ஐந்து பகுதியாக, பகுதிக்கு 16 ஏக்கராக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் தள்ளி மறுநடவு செய்வோம். எந்த நாளிலும் 16 ஏக்கர் வளர்ந்துகொண்டிருக்கும். 64 ஏக்கர் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். முப்பது ஆண்டில் சுற்று முடிந்து, முதலில் நட்ட பகுதிக்கே திரும்பி வருவோம். வருமானத்தை இருபது பங்காக்கினால் ஒவ்வொருவருக்கும் 3.2 ஏக்கர் வருமானம் ஆண்டு தவறாமல் உண்டு. தனியாக இருந்தால் இருபத்துநாலு ஆண்டு நாலு ஏக்கர், ஆறு ஆண்டு பட்டினி. கூட்டாக இருந்தால் யார் அடுப்பும் அணையாது. எழுபது வயதுக்காரர் கன்று நடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அவர் நட்டது வளருமுன்னே பக்கத்துப் பகுதி அவருக்குப் பால் கொடுக்கிறது.

வெட்டுக்காரர் கணக்கையும் பார்ப்போம். ஏக்கருக்கு ஏறக்குறைய 180 மரம் என்றால் நாலு ஏக்கரில் 720 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் ஆளுக்கு 500 மரம் கொண்ட நிரை இரண்டு வேண்டும். நாலு ஏக்கரில் அவருக்கு முழு வேலை கிடைக்காது. பிறகு எப்படி ஆள் வரும்? "பாதிக்குப் பாதி தருகிறேன்" என்று கெஞ்சினாலும் வருகிறவர் நாலு மாதம் சீவுவார். பட்டையைக் காயப்படுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். 64 ஏக்கரில் பதினோராயிரத்துக்கு மேல் மரம் நிற்கிறது. பன்னிரண்டு பேருக்கு நிலையான வேலை. நிலையான வேலை இருந்தால் சேமநிதி கேட்கலாம், சொக்சோ கேட்கலாம், சங்கத்தில் சேரலாம். துண்டு நிலத்தில் தனியாகச் சீவுகிறவர் எந்தச் சங்கத்துக்கும் எட்டாத அநாதை.

நோய்க்கு வேலி தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது. 2017 முதல் இந்நாட்டு மரங்களில் பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சணம் இலையைக் கொட்டவைத்து வருகிறது. இலை கொட்டினால் பால் குறையும். ஒருவர் மருந்தடித்து, பக்கத்துப் புதர்க் காட்டுக்காரர் அடிக்காவிட்டால் அந்த மருந்துக் காசு காற்றோடு போயிற்று. வெள்ளை வேர் நோயும் அப்படித்தான். அடியில் கிடக்கும் பழைய கட்டையிலிருந்து வேர் வழியாக எல்லைக் கல்லைத் தாண்டிப் போகும். அந்தப் பூஞ்சணம் கிராண்டில் யார் பெயர் என்று பார்த்துவிட்டா நுழைகிறது?

சரி, நிலத்தை ஒன்றாக வைப்பது என்றால் நம்மவர் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் கிராண்டு யார் பெயருக்குப் போகும்?" போகாது, போகவும் கூடாது. உடைமை அவரவர் பெயரில் நிற்க வேண்டும். நிர்வாகம் மட்டும் கூட்டுறவுச் சங்கத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகப் போக வேண்டும். 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவே நமக்குக் காவல். வாய்ப்பேச்சில் நம்பிக் கொடுத்தவர் கதைகளை நாம் போதுமானவரை கேட்டாயிற்று. மலாய் ஒதுக்கீட்டு நிலத்துக்குத் தனி விதிகள் உண்டு. அதைத் தொடங்கும்போதே கவனித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர் காலமானால்? இப்பொழுது என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஐந்து பிள்ளைகள், நாலு ஏக்கர். விவசாய நிலத்தை ஏக்கருக்குக் குறைவாகப் பிரிக்க அதே நிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஐவர் பெயரும் ஒரே கிராண்டில் ஏறுகிறது. ஒருவர் நட வேண்டும் என்கிறார். ஒருவர் விற்க வேண்டும் என்கிறார். ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். ஒருவர் மற்றவரோடு பேசுவதில்லை. நிலம் காடாகிறது. விவசாய நிலத்தைச் சாகுபடி செய்யாமல் போட்டுவைப்பது நிபந்தனை மீறல். மாநில அரசு திருப்பி எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. கூட்டு நிர்வாகம் இருந்தால் ஐந்து பிள்ளைகளுக்கும் நிலத்தின் பங்குப் பணம் வீடு தேடிப் போகும். அண்ணன் தம்பி சண்டை தீராவிட்டாலும் மரம் சீவப்பட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே! 1966-இல் பெல்க்ரா வந்தது, 1973-இல் ரிஸ்டா வந்தது, 1984-ஆம் ஆண்டுத் தேசிய விவசாயக் கொள்கை குறுந்தோட்டம், கூட்டுச் சாகுபடி என்றெல்லாம் பேசியதே!" பேசியது, செய்ததும் உண்டு. நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த முறைகளில் நிலக்காரர் பெரும்பாலும் ஆதாயப் பணம் வாங்கும் வரிசையில்தான் நிற்கிறார். என்ன நடுவது, எப்போது தள்ளுவது, யாரிடம் விற்பது என்று முடிவு செய்யும் மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை. நாம் கேட்பது அந்த நாற்காலியை.

இன்னும் சிலர் கம்பெனிதான் கைகண்ட மருந்து என்கிறார்கள். அவர்களுக்கு 2012-ஐ நினைவூட்டுகிறோம். பெல்டா தன் நிலத்தைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, அந்தக் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோயிற்று. பங்கு ஒன்று 4 வெள்ளி 55 காசு. குடியேற்றக்காரர்கள் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். 2018 முடிவில் அந்தப் பங்கு ஒரு வெள்ளிக்கும் கீழே கிடந்தது. 2025-இல் பெல்டாவே 1 வெள்ளி 30 காசு கொடுத்து மீதிப் பங்குகளை வாங்க முன்வந்தது. கோட்டு சூட்டுப் போட்டவர்கள் நிர்வகித்தால் நஷ்டம் வராது என்று இனி எவரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பையை இறுக்கிப் பிடிப்பதும் நமக்குத் தெரியும். 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய இருபத்துநாலு கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, லட்சக்கணக்கான ஏழைகளின் பணம் சிக்கிய நாடு இது. அந்தச் சூடு ஆறவில்லை. ஆனால் அங்கே கெட்டது என்ன? சேர்த்த பணத்தை, சேர்த்தவர் கண்ணில் படாத இடத்தில், தொடர்பில்லாத தொழில்களில் கொட்டினார்கள். நாம் சொல்லும் சங்கம் வைப்புத்தொகை வாங்காது. அதன் சொத்து உறுப்பினர் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. தினம் எத்தனை கிலோ கட்டிப்பால் போயிற்று, எந்த விலைக்குப் போயிற்று என்பதை விறகுக்கட்டையில் உட்கார்ந்தே எண்ணலாம்.

எண்ணுவதற்கு ஆள் யார் என்றால், இதோ நம் கிராணிமார் இருக்கிறார்கள்! ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவர் நாற்பது ஆண்டு செக்ரோல் எழுதியவர். ஒரு வாளிப் பால் குறைந்தால் எந்த நிரையில் குறைந்தது என்று சொல்லக்கூடியவர். அவரை வீட்டுத் திண்ணையில் பத்திரிகை படிக்க விட்டுவிட்டு, கணக்குக்கு ஆளில்லை என்று அழுகிறோம். கணக்கு எழுதத் தெரியாமல் கெட்ட சங்கம் குறைவு. எழுதிய கணக்கைக் காட்டாமல் கெட்ட சங்கம்தான் அதிகம். மாதக் கணக்கை நிறுவைக் கொட்டகைச் சுவரில் ஒட்ட வேண்டும், தமிழிலும் மலாயிலும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், ரப்பர் எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு வரைபட ஆதாரம் கேட்கிறது. அமலுக்கு வரும் நாள் தள்ளிப் போனாலும் கேள்வி போகவில்லை. தனிக் கிழவர் அந்தத் தாள்களோடு எங்கே அலைவார்? ஒரு கிராணி இருபது பேருக்கும் சேர்த்து முடித்துவிடுவார்.

நமக்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. துண்டாடலின் உச்சத்தில், 1960 மே 14-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் காசில் வாங்கப்பட்டது. கூலிக்காரனாவது தோட்டம் வாங்குவதாவது என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அதை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். போற்றிக்கொண்டே ஒன்றைச் சொல்வதற்கும் நமக்கு உரிமை உண்டு. நாடெங்கும் பங்கு சேர்த்த சங்கத்தில், பங்குப் பத்திரம் வைத்திருக்கும் கையும் பால் சீவும் கையும் ஒரே கையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வருடாந்திரக் கூட்டம் தூரத்தில், மரம் பக்கத்தில். இப்பொழுது நாம் கேட்பது சிறிய சங்கங்கள், கூப்பிடு தூரத்துக்குள்.

முதுமையால் நிலம் தரிசாகும் நோய் நம் நாட்டை மட்டும் பிடித்ததல்ல. தொழிலில் நம்மைவிடப் பல படி முன்னே போன ஜப்பானையும் பிடித்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே விவசாயமே முக்கியத் தொழிலாக உள்ளவரின் சராசரி வயது 67.8. அதற்கு ஐந்தாண்டு முந்திய கணக்கில் 4 லட்சம் ஹெக்டருக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்தது. அங்கே கிராமத்தார் என்ன செய்தார்கள்? வயலின் உடைமையை அவரவரிடமே வைத்துக்கொண்டு, உழவையும் யந்திரத்தையும் கிராமத்துக்குப் பொதுவாக்கினார்கள். அப்படிப்பட்ட கிராமக் குழுக்கள் ஏறக்குறையப் பதினாலாயிரம். 2014 முதல் மாநிலந்தோறும் நில வங்கி அமைத்து, கிழவர்களின் வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்குக் கொடுக்க அரசாங்கமும் கை கொடுத்தது. நெல் வேறு, பால்மரம் வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல. கவனிக்க வேண்டியது வேறொன்று. அண்மை ஆண்டுகளில் அந்தக் குழுக்களின் எண்ணிக்கையும் சற்றுக் குறைந்திருக்கிறது. குழுவில் இருந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. எல்லாரும் எண்பதைத் தொட்ட பிறகு தொடங்கினால் தலைவர் பதவிக்கு நிற்கவே ஆள் இருக்காது. நமக்கு இன்னும் பத்து ஆண்டு கையில் இருக்கிறது, பதினைந்து இல்லை.

ஆகவே வெட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். இதில் நம் உடைமையாளப் பெரியவர்களுக்குக் கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மரம் சீவுகிறவரைக் கூலியாக மட்டும் வைத்துக்கொண்டு, கிராண்டு வைத்திருப்பவர் மட்டும் உறுப்பினராக இருந்தால், அது இருபது குட்டித் துரைமார் சேர்ந்த கம்பெனி. அதற்குக் கூட்டுறவு என்று பெயர் வைக்க நாம் சம்மதியோம். இன்று கத்தி பிடிப்பவர் இந்தோனேசியராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம். நேற்று நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன் இருந்த இடத்தில் இன்று அவர் நிற்கிறார். சட்டம் இடங்கொடுக்கும் வெட்டுக்காரர் உறுப்பினராகட்டும். சட்டம் இடங்கொடாதவருக்குக் குழுவில் தம் குறையைச் சொல்லும் இடமும், விலை ஏறும்போது கூலி ஏறும் ஒப்பந்தமும் எழுத்தில் இருக்கட்டும். ஐந்து ஆண்டு சீவியவருக்கு மறுநடவுப் பகுதியின் வருமானத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால், நகரத்து மாலில் காவலுக்கு நிற்கும் நம் வாலிபனும் திரும்பிப் பார்ப்பான். நிலம் இல்லாத வாலிபனுக்கும் ஆளில்லாத நிலத்துக்கும் நடுவில் இன்று நிற்பது தரகர் ஒருவரே.

அரசாங்கத்தை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. மறுநடவு உதவியைத் தனித்தனித் துண்டுக்குக் கொடுப்பதுபோல், சேர்ந்து நிற்கும் குழுவுக்கு ஒரே விண்ணப்பத்தில் கொடுக்கட்டும். குத்தகைப் பதிவுக் கட்டணத்தை இத்தகைய சங்கங்களுக்கு மாநிலங்கள் தள்ளுபடி செய்யட்டும். கட்டிப்பால் விலை தரைமட்டத்துக்குக் கீழே போகும்போது கொடுக்கும் ஊக்கத்தொகை, 2024 பட்ஜெட்டில் கிலோ 3 வெள்ளிக்குக் கீழ் என்று உயர்த்தப்பட்டது. அந்தப் பணம் கிராண்டுக்காரரோடு நின்றுவிடாமல் சீவுகிறவர் கைக்கும் முறைப்படி போகிறதா என்று பார்க்கட்டும்.

நம் கிளைகளையும் விடுவதாக இல்லை. கூலி உயர்வுக்கு மட்டும்தான் சங்கம் என்று எந்தக் கிளைச் செயலாளராவது எண்ணினால், தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறும் வேகத்தில் அவருடைய உறுப்பினர் பட்டியல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். கிளை எல்லைக்குள் யார் யாருக்குத் துண்டு நிலம் இருக்கிறது, எத்தனை ஏக்கர், மரம் எந்த வயது, சீவப்படுகிறதா, பக்கத்து நிலம் யாருடையது என்பதை ஒரு நோட்டில் எழுதுவதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் வேண்டாம். மலாய், சீனப் பக்கத்து நிலக்காரரையும் அதே நோட்டில் எழுத வேண்டும். அவர்கள் நிலம் நடுவில் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு எந்தப் பகுதியை மறுநடவு செய்வது? அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நிலமுள்ள தோழர்கள் கிராண்டின் நகலையும் கடைசி நிலவரி ரசீதையும் கொண்டு வாருங்கள். அசல் வேண்டாம், அசலை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகலைக் கொடுத்ததற்கும் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.